ஆற்றுப்படுத்துவது யார்?

(கள்ளக்குறிச்சியில் நண்பர்கள் கூடிய ஓர் அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். வாசிக்கப்போவதில்லை. கருணாபுரத்தைப் பற்றி நிறையக் கவிதை வந்துவிட்டது. நானும் எழுதினேன். இன்றைக்கு நான் பேசவந்தது சான்றிதழ் பற்றி. குடிநோயாளியோடு உட்கார்ந்து பேசி அவரை மீட்கிறவருக்கு என்ன பயிற்சி வேணும், யார் பரீட்சை வைக்கணும், யார் கையெழுத்துப் போட்டு 'இவர் தகுதியானவர்' என்று சொல்லணும் என்பது பற்றி. பேங்கு கிளார்க்குப் புத்தி இப்படித்தான் போகும் என்று சிலர் நினைக்கலாம். நினைச்சுக்கங்க. ஆனா இது நம்ம சனங்களின் உசுரு சம்பந்தப்பட்ட விஷயம். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேட்கணும்.

2024 ஜூன் 18 ராத்திரி தொடங்கி நம்ம ஊரில் 65க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் சேரிச் சனங்கள், கூலிக்காரர்கள். அதில் பெண்களும் உண்டு. ஜிப்மருக்கும் சேலத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் ஆம்புலன்ஸ் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு எல்லாம் வந்தது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் வந்தது. தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு வைப்புத்தொகை வந்தது. ஒரு நபர் ஆணையம் வந்தது. ஆயுள் தண்டனை வரை போகிற சட்டத் திருத்தம் வந்தது. 2024 நவம்பரில் உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. மலைமேல் போலீஸ் ஏறி ஊறல் பானைகளை உடைத்தது. கருணாபுரத்தில் கொன்றது மெத்தனால். அது ஆலைகளுக்குப் போகிற ரசாயனம். வெல்ல ஊறலில் ஆளைக் கொல்கிற அளவு மெத்தனால் உண்டாகாது. ஆனாலும் பழி மலைக்காரன் தலையில் விழுந்தது.

எல்லாம் வந்தது. ஒண்ணு மட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் பிழைத்து வீடு திரும்பினவர்கள் இருக்கிறார்களே, அன்றைக்குத் தற்செயலாகக் குடிக்காமல் தப்பித்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களோடு மாசக்கணக்கில் உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேணும். அந்த ஆள் எங்கே?

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை நாடு முழுக்க நடத்திய கணக்கெடுப்பு 2019இல் வெளிவந்தது. இந்தியாவில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருத்தர்தான் ஏதோ ஒரு சிகிச்சை பெறுகிறார். உள்நோயாளியாகப் படுத்துச் சிகிச்சை பெறுவது 180 பேருக்கு ஒருத்தர். இது நாட்டுச் சராசரி. கல்வராயன் மலையின் சராசரியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு கணக்கும் சொல்றேன். 2023-24இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 45 ஆயிரம் கோடிக்கு மேல்.

அந்த ஆளுக்கு இங்கிலீசில் கவுன்சிலர் என்று பேர். நம்ம ஊரில் கவுன்சிலர் என்றால் வார்டு கவுன்சிலர். குழாயில் தண்ணி வரவில்லை என்றால் போய் நிற்போமே, அவர். இந்தக் கவுன்சிலர் வேறே. தமிழில் ஆற்றுப்படுத்துநர் என்கிறார்கள். நல்ல வார்த்தை. ஆற்றுப்படை என்றால் என்னவென்று தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். வறுமைப்பட்ட ஒரு பாணன் பரிசில் பெற்றுத் திரும்புகிறான். வழியில் தன்னைப்போலவே பசித்து வருகிற இன்னொரு பாணனைப் பார்க்கிறான். 'நான் போய்வந்த வழி இது. இங்கே திரும்பு, இன்ன இடத்தில் தங்கு' என்று வழி சொல்கிறான். நம்ம பக்கத்துச் செங்கத்து மலைநாட்டைப் பாடுகிற மலைபடுகடாமுக்குக் கூத்தராற்றுப்படை என்றே இன்னொரு பேர் உண்டு. கவனியுங்கள். வழி சொல்கிறவன் அரண்மனை ஆள் கிடையாது. அந்த வழியில் நடந்து போய்வந்தவன். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

முதலில் பயிற்சி எதற்கு என்று பார்ப்போம். நல்ல மனசு இருந்தால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது.

கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு ஒரு சங்கதி தெரியும். சில வாடிக்கையாளர்கள் காலை 10 மணிக்கு வந்தால் அவர்கள் போடுகிற கையெழுத்து எங்கள் பதிவில் இருக்கிற கையெழுத்தோடு சேராது. கோடு நடுங்கும், எழுத்து உடையும். திருப்பி அனுப்புகிறோம். அதே ஆள் மத்தியானம் 1 மணிக்கு வருவார். கையெழுத்து அச்சாகச் சேரும். டாஸ்மாக் கடை 12 மணிக்குத் திறக்கிறது. பேங்கு இதைக் கையெழுத்து வேறுபாடு என்கிறது. மருத்துவம் இதை விலகல் அறிகுறி என்கிறது. வருசக்கணக்கில் சாராயத்துக்குப் பழகின நரம்பு, அது கிடைக்காத சில மணி நேரத்தில் உதறத் தொடங்குகிறது. முதல் ரெண்டு நாளில் சிலருக்கு வலிப்பு வரும். ரெண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சி தெரியும், இல்லாத ஆள் கூப்பிடுவான், காய்ச்சல் ஏறும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். மருந்து கொடுக்காவிட்டால் சாவு வரும். குடிப்பதால் சாகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நெடுநாள் குடித்தவர் மருத்துவத் துணையில்லாமல் சட்டென்று நிறுத்தினாலும் சாகலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

என் சித்தப்பா ஒருத்தர் அப்படிச் செத்தார். நான் கல்லூரியில் படித்த காலம். ஆட்டை விற்றுப் பணம் கட்டி ஒரு மீட்பு இல்லத்தில் சேர்த்தார்கள். எந்த ஊர், என்ன பேர் என்பது வேண்டாம். மூணாவது நாள் ராத்திரி 'சுவத்துல பூரான் ஏறுது, பூரான் ஏறுது' என்று கத்தியிருக்கிறார். நடிக்கிறான் என்று கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். நாலாவது நாள் விடியலில் எங்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அங்கே கவுன்சிலர் என்று ஒருத்தர் இருந்தார். நல்ல மனுசன். எங்களோடு சேர்ந்து அழுதார். அவருக்கு அந்த நோயைப் பற்றித் தெரியாது. தெரியணும் என்று அவரை யாரும் கேட்டதும் இல்லை.

கட்டிப்போடுவதைப் பற்றிச் சொல்லும்போது ஏர்வாடியை மறக்கமுடியாது. 2001 ஆகஸ்ட் 6 விடியலில் அங்கே ஒரு தனியார் மனநோயாளர் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் சங்கிலியோடு எரிந்தார்கள். 2017ஆம் வருசத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலி போடக்கூடாது என்கிறது. மனநல நிலையங்கள் பதிவு பெறணும் என்கிறது. மது, போதையால் வருகிற மனநோய் நிலைகளும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. சட்டம் இருக்கிறது. ஆனால் நம்ம பஸ் ஸ்டாண்டுச் சுவரைப் பாருங்கள். 'குடிப்பவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்தலாம்' என்று நோட்டீஸ். வீட்டுப் பொம்பளைகள் பாவம், வாங்கிக் குழம்பில் கலக்கிறார்கள். டைசல்ஃபிரம் மாதிரி மாத்திரை அதில் இருந்தால், அது தெரியாமல் அந்த ஆள் மேலே குடித்தால், ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒழுங்காகப் பயிற்சி பெற்ற ஆலோசகர் முதலில் படிப்பது இதைத்தான்: எதைத் தான் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, யாரை உடனே டாக்டரிடம் அனுப்பணும். கருணாபுரத்திலும் 'கண்ணு மங்குது, வயிறு எரியுது' என்றால் அது சாதாரணப் போதை இல்லை, மெத்தனால் என்று சொல்லத் தெரிந்த ஒருத்தர் தெருவுக்குள்ளேயே இருந்திருந்தால், சில பேராவது சில மணி நேரம் முன்னாடி ஆஸ்பத்திரி போயிருப்பார்கள்.

எங்கள் பேங்கில் நகைக்கடன் கொடுக்க மதிப்பீட்டாளர் இருக்கிறார். உரைகல்லில் உரசிப் பார்த்து இத்தனை காரட் என்று அவர் சொல்லாமல் மேனேஜரே ஆனாலும் ஒரு குண்டுமணித் தங்கத்துக்குக் கடன் போடமுடியாது. அவர் தப்பாகச் சொன்னால் அவர்தான் பொறுப்பு. அவர் எம்.ஏ. படித்தவரா என்று யாரும் கேட்பதில்லை. தொழில் தெரியுமா என்று பார்க்கிறோம். தங்கத்தைத் தொடுகிறவருக்கு இவ்வளவு விசாரணை. நம்ம ஆளின் மனசைத் தொடுகிறவருக்கு ஒரு விசாரணையும் கிடையாது.

சரி, படிப்பே இல்லையா என்றால், இருக்கிறது. சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை 1980இல் தொடங்கியது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்றால் தெரியும். தென்மாநிலங்களில் மீட்பு மையப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வட்டார மையமாக அது இருந்தது. மத்திய அரசு 1985-86இலிருந்து போதை ஒழிப்புக்கு நிதி தருகிறது. எந்த அமைச்சகம் தெரியுமா? சமூகநீதி அமைச்சகம். நம்ம பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் வருகிறதே, அதே அமைச்சகம். அதன்கீழ் தில்லியில் இருக்கிற தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் சில நாள் பயிற்சியிலிருந்து மாதக்கணக்கான சான்றிதழ்ப் படிப்பு வரை நடத்துகிறது. பன்னாட்டு அளவில் கொழும்புத் திட்டம் 2009இல் ஓர் அமைப்பை உண்டாக்கியது. ஐ.சி.சி.இ. என்று முன்பு சுருக்கமாகச் சொன்னார்கள். அதன் பாடத்திட்டத்தைப் படித்து, பரீட்சை எழுதி, முதல் நிலை, இரண்டாம் நிலை என்று சான்று பெறலாம்.

2021இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. துணை மருத்துவத் தொழில்முறையினருக்கான தேசிய ஆணையச் சட்டம். ஆலோசகர்களும் மனநலச் சமூகப்பணியாளர்களும் அதன் பட்டியலில் வருகிறார்கள். குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, சில பிரிவுகளுக்கு 3,600 மணி நேரம். பதிவேட்டில் பேர் இருக்கணும்.

இங்கேதான் நமக்குச் சிக்கல். போலிகளை ஒழிக்கச் சட்டம் வேணும் என்று நாமே கேட்கிறோம். வந்தால் அதுவே நமக்குச் சுவராக நிற்கிறது. தகுதி, திறமை என்ற சொற்களை வைத்து நம்மை எத்தனை வாசலில் நிறுத்தினார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. மத்திய அரசின் மீட்பு மையத் திட்டத்தையே பாருங்கள். ஆலோசகர் என்றால் பட்டதாரியாக இருக்கணும். குடித்து, வீழ்ந்து, எழுந்துவந்தவருக்கு அங்கே வேறு நாற்காலி. சக கல்வியாளர் என்று பேர். எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், சம்பளமும் குறைவு. அவர் பத்து வருசம் வேலை செய்தாலும் அந்த நாற்காலியிலிருந்து இந்த நாற்காலிக்கு வரப் படிக்கட்டு இல்லை. இது எனக்கு ரொம்பப் பழகின ஏற்பாடாகத் தெரிகிறது. உங்களுக்கும் தெரியும்.

அப்போ படிப்பு வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. எதைச் சோதிக்கணும் என்று கேட்கிறேன்.

அமெரிக்காவில் 1935இல் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது. குடியை விட்டவர் குடிக்கிறவருக்குக் கைகொடுப்பது அதன் அடிப்படை. 1950களில் மின்னசோட்டா மாநிலத்தின் வில்மர் அரசு மருத்துவமனையில் டாக்டர்கள் பலர் முகம் சுளித்தும், குடியை விட்டவர்களையே ஆலோசகராக உள்ளே கொண்டுவந்தார்கள். அதற்கென்று மாநில அரசில் ஒரு பதவியையே உண்டாக்கினார்கள். தொழிலாக இது வளர்ந்த கதையே அங்கே தொடங்குகிறது. பட்டமும் பரீட்சையும் பிற்பாடு வந்தவை.

அமெரிக்கா தூரம் என்றால் கோவாவுக்கு வாருங்கள். அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓர் ஆய்வு நடந்தது. லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. தீங்கு தருகிற அளவு குடித்த ஆண்கள் 377 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பாதிக்கு அதோடு சேர்த்து அதிகபட்சம் நாலு முறை ஆலோசனை. பேசியவர்கள் யார்? மனநலத்தில் தொழில்முறைப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்கள். ஆனால் அவர்களைச் சும்மா விடவில்லை. பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் பேசியதைப் பதிவு செய்து, திரும்பப் போட்டுக் கேட்டு, எங்கே பிசகினது என்று கூடி அலசினார்கள். மூணு மாசம் கழித்துக் கேட்டபோது, கடைசி 14 நாளில் துளிகூடக் குடிக்காதவர்கள் வழக்கமான கவனிப்பில் 18 சதம், ஆலோசனை பெற்றவர்களில் 42 சதம். தோழர்களே, பட்டம் இல்லை, பயிற்சி உண்டு, கண்காணிப்பு உண்டு. நாம் கேட்கவேண்டியதும் இதுதான்.

டி.டி.கே. அறக்கட்டளையே 1980களின் கடைசியில் திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டது. ஆஸ்பத்திரிக்கு ஆளை வரச்சொல்லாமல் ஆள் இருக்கிற இடத்துக்குச் சிகிச்சை போனது. ஊர் கூடிப் பொறுப்பெடுத்தது. மஞ்சக்குடியில் முடிந்தது வெள்ளிமலையில் ஏன் முடியாது?

இன்னொரு விஷயம். இதை நாம்தான் பேசணும், வேறு யாரும் பேசமாட்டார்கள். ஆலோசனை அறைக்குள் சாதி வரும். வராது என்று சொல்கிறவர் அந்த அறையில் உட்கார்ந்ததில்லை. 'உங்க ஆளுங்கன்னாலே குடிதானே' என்று வாயால் சொல்லவேண்டாம், முகத்தால் சொன்னால் போதும், எதிரே இருக்கிறவர் அடுத்த வாரம் வரமாட்டார். ஏன் குடிக்கிறாய் என்று கேட்கச் சொல்லிப் பாடத்தில் இருக்கும். சாக்கடைக்குள் இறங்குகிறவர் என்ன பதில் சொல்வார்? பிணவறையில் அறுக்கிற வேலை செய்கிறவர் என்ன சொல்வார்? சாவு வீட்டில் பறையடிக்கக் கூப்பிட்டுக் கூலியில் பாதியைச் சாராயமாக ஊற்றினார்களே, அது யார் கற்றுக்கொடுத்த பழக்கம்? குடியை ஒழுக்கக்கேடு என்று மட்டும் பார்க்கிற ஆலோசகர் அந்தக் கூலி முறையைப் பார்க்கத் தவறுகிறார். மலைக்கு வந்தால் இன்னொரு கதை. 1976 வரை ஜாகிர்தார்களின் கீழ் கிடந்த மலை. அங்கே சீருடை போட்டு ஏறினவன் ஊறலை உடைக்கத்தான் ஏறினான். கோப்பு ஏந்திக்கொண்டு ஒரு ஆலோசகர் போனால், 'இவன் போலீசுக்குச் சொல்வானா?' என்பதுதான் முதல் சந்தேகம். கேட்டதை வெளியே சொல்லாமல் காப்பது இந்தத் தொழிலின் முதல் அறம். மலையில் அது வெறும் அறம் மட்டும் இல்லை, அது இல்லாமல் வேலையே தொடங்காது.

நம்ம பக்கத்திலேயே ஒரு கேள்வி வரும். 'கடையை மூடுறதை விட்டுட்டுக் கவுன்சிலர் கேக்குறியா?' என்பார்கள். கடையை மூடக் கேட்பதில் எனக்கும் பங்குண்டு. 2024 அக்டோபர் 2 உளுந்தூர்ப்பேட்டையில் பெண்கள் லட்சியத்தோடு திரண்டதை இங்கே பலர் பார்த்தோம். பண்டிதர் அயோத்திதாசர் பஞ்சசீலத்தை நமக்கு நினைவுபடுத்தினார். 1956இல் நாகபுரியில் அம்பேத்கர் எடுக்கச்சொன்ன 22 உறுதிமொழிகளில் குடிக்கமாட்டேன் என்பதும் ஒன்று. ஆனால் 1937இல் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது பக்கத்துச் சேலம் மாவட்டத்தில்தான். விலக்கு இருந்த காலத்திலும் குடிக்கு அடிமையானவர் இருந்தார், ஒளிந்து குடித்தார். நாளைக்கே எல்லாக் கடையையும் மூடினால், நாளன்றைக்குக் கைநடுக்கத்தோடு தெருவில் நிற்கிறவருக்கு யார் பதில் சொல்வது? அவர் திரும்பவும் பாக்கெட்டைத் தேடித்தானே போவார்? கடையை மூடினால் அன்றைக்குத்தான் இந்த ஆட்கள் நமக்கு இன்னும் அதிகமாக வேண்டியிருக்கும்.

2025இல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பேரில் 25 மீட்பு மையங்களைத் தொடங்கியது. நல்லது. அந்த மையங்களில் நாற்காலி போடும்போதே நம்ம கோரிக்கைகளை வைக்கணும். நான் எழுதிவந்ததைப் படிக்கிறேன்.

ஒன்று: பயிற்சியும் பரீட்சையும் தமிழில் இருக்கணும். எழுத்துத் தேர்வு பாதி, நேரில் ஒருத்தரோடு பேசிக்காட்டுவது பாதி.

இரண்டு: பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்து, குடியை விட்டு ரெண்டு வருசம் ஆனவர்களும், குடியால் குடும்பத்தில் ஆளை இழந்த பெண்களும் சேரத் தனி வழி வேணும். அந்த வழி சக கல்வியாளரோடு நின்றுவிடாமல் முழு ஆலோசகர் வரை போகணும்.

மூன்று: கட்டணம் கூடாது. படிக்கிற காலத்துக்குக் கூலிக்கு ஈடான உதவித்தொகை வேணும். மையம் கள்ளக்குறிச்சியிலும் வெள்ளிமலையிலும் நடக்கணும். சென்னைக்குப் போய்த் தங்கிப் படிக்க நம்ம பொம்பளைகளால் ஆகாது.

நான்கு: சாதி, தொழில், கூலி, மலை நிலம் இவையெல்லாம் பாடத்தில் இருக்கணும்.

ஐந்து: சான்று பெற்றவர் பேரும் எண்ணும் மையத்தின் வாசலில் தொங்கணும். கட்டிப்போட்டால், அடித்தால், கேட்டதை வெளியே சொன்னால் பேரை நீக்கணும். அவருக்கு மேலே ஒரு டாக்டர் பொறுப்பில் இருக்கணும்.

ஆறு: இவர்கள் சம்பளம் டாஸ்மாக் வருமானத்தில் வரணும். 45 ஆயிரம் கோடியில் இது ஒரு மூடி அளவு.

கோரிக்கை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் வராது. ஆள் தயாராக இருக்கணும். கருணாபுரத்தில் குடியை விட்டு நிற்கிறவர்கள் யார் யார் என்று அந்தத் தெருப் பெண்களுக்குத் தெரியும். மலையில் எந்த ஊரில் எந்தப் பையன் பன்னிரண்டாவது முடித்துவிட்டுத் திருப்பூருக்குப் போகலாமா என்று யோசிக்கிறான் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பேர்களை எழுதுங்கள். முதலில் பத்துப் பேர் போதும். மனு, விண்ணப்பம், படிவம் நிரப்புகிற வேலையெல்லாம் என்னிடம் கொண்டுவாருங்கள். ரெண்டாம் சனி, நாலாம் சனி எனக்கு பேங்கு லீவு.

ஜெய்பீம்.